ஸ்கேன் படப் பக்கங்கள்

டாக்டரம்மா புத்தகத்தை மேசைமேல் விரித்துப் போட்டு, "இதுல குழந்தை எங்க இருக்கு, நீங்களே சொல்லுங்க" என்று இந்தியில் கேட்டபோது அகல்யா குனிந்து பக்கத்தைப் பார்த்தாள். கர்ப்பிணிகளின் ஸ்கேன் படங்களைப் பார்த்துப் புரிந்துகொள்ள மருத்துவ மாணவர்களுக்காக எழுதிய புத்தகம் அது. அகல்யா வேலை பார்க்கும் நாராயண் பேட் அச்சகத்தின் கறுப்பு வெள்ளை டிஜிட்டல் இயந்திரத்தில் மாதிரிப் பிரதி எடுத்திருந்தார்கள். படங்களெல்லாம் தார் பூசியதுபோல் வந்திருந்தன.

டாக்டர் போனதும் அச்சக முதலாளி ராம்பிரசாத் தயங்கித் தயங்கி அருகில் வந்தார். ஆறாம் மாதத்தில் வயிற்றிலேயே குழந்தையைப் பறிகொடுத்துவிட்டு அந்த வாரம்தான் அகல்யா வேலைக்குத் திரும்பியிருந்தாள்.

"இந்த வேலை உனக்கு வேண்டாம்மா. மெஷின் ஓட்டுற இர்பான் பாத்துப்பான்."

"இர்பானுக்கு மெஷின் தெரியுங்க சார். இதுல எது கை, எது நிழல்னு தெரியாது. எனக்குத் தெரியுங்க."

அவர் புத்தகத்தை அவள் பக்கம் நகர்த்திவிட்டுப் போனார்.

அந்த இயந்திரத்தில் சாம்பல் நிறம் என்று தனியாக ஒன்று கிடையாது. இருப்பது கறுப்பு டோனர் மட்டுமே. சிறிதும் பெரிதுமான புள்ளிகளால்தான் சாம்பலைக் காட்ட வேண்டும். இங்கே புள்ளிகள் வீங்கி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. அகல்யா முதலில் சாம்பல் கட்டங்களை அச்சடித்துக் கருவியால் அளந்து இயந்திரத்தைச் சரிசெய்தாள். கறுப்பு ஏறும் இடங்களில் டோனரைக் குறைத்தாள். வழவழப்பான தாள் போட்டாள். ஆனாலும் மெல்லிய சாம்பல் நிற்கிறதா என்று பார்க்க நல்ல தெளிவான படம் ஒன்று தேவைப்பட்டது.

அவளுடைய போனில் ஒன்று இருந்தது. ஆஸ்பத்திரியில் இருந்து வந்தபின் அவள் அதைத் திறக்கவே இல்லை. வெகுநேரம் போனைக் கையில் வைத்திருந்துவிட்டு அதையே அச்சுக்கு ஏற்றினாள்.

முதல் தாளில் முகம் இருக்க வேண்டிய இடம் வெறும் இருட்டு. அடுத்ததில் நெற்றி வந்தது. புள்ளிகளைக் கொஞ்சம் சிறிதாக்கியதும் மூக்கு வந்தது. இன்னும் சிறிதாக்கியபோது கன்னத்தருகே இருந்த கை வெளுத்து மறைந்து போனது. பாதி பின்வாங்கினாள். அப்போது உதடு தெரிந்தது. ஒவ்வொரு தாளையும் ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

சாயங்காலம் இர்பான் சாக்குப்பையோடு வந்தான். "தீதி, இந்த ரத்திப் பேப்பரைக் கழிவுக்கு எடுத்துக்கட்டுமா?"

தரையெங்கும் கழித்த தாள்கள். எல்லாவற்றிலும் அதே குழந்தை. அவள் தலையை மட்டும் அசைத்து வேண்டாமென்றாள். குனிந்து ஒரு தாளைப் பார்த்த இர்பான் சாக்கைக் கீழே வைத்தான். தாள்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, ஓரம் தட்டி அடுக்கி, முடிந்த வேலையைக் கட்டுவதுபோல் கட்டி அவள் மேசையில் வைத்துவிட்டுப் போனான்.

டாக்டர் மறுநாள் பார்த்துச் சம்மதம் சொன்னார். புத்தகம் அச்சேறியது.

அன்று சாகண் தொழிற்பேட்டையில் இருந்து கம்பெனி பஸ்ஸில் வந்து சாப்பிட உட்கார்ந்த கணவன் பாலச்சந்திரன் முன்னால் அகல்யா ஒரு தாளை வைத்தாள்.

"இது எதுக்கு அகல்யா இப்ப?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். பிறகு மெதுவாகத் தாளை இழுத்துப் பார்த்தான். "இது வெரலா?"

"ஆமாங்க."

"அஞ்சும் இருக்கு" என்றவன் அப்படியே உடைந்து போனான். ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட்டபோதுகூட அழாதவன். அகல்யா தட்டை நகர்த்திவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அன்றைக்கு அவர்கள் குழந்தைக்கு ஒரு பெயர் வைத்தார்கள். ஊரில் யாருக்கும் சொல்லவில்லை.