கை மாறிய பாக்கு

எங்கள் கம்பெனியில் பாக்கு கை மாறிவிட்டால் பேச்சு முடிந்தது. இந்த வழக்கத்தை ஏற்படுத்தியவர் என் அப்பா ஐயாசாமி. மலேசியாவில், பொந்தியான் ஊரில் பாக்கு மண்டி திறந்த புதிதில், சரக்கு கொண்டுவந்த சுமத்ராக்காரர் கையில் அவர் ஒரு வெற்றிலையும் ஒரு கொட்டைப்பாக்கும் வைத்தார். அவர்கள் ஊரிலும் அதற்கு அதே மரியாதை உண்டு. அன்றிலிருந்து எந்த வியாபாரமானாலும் வீட்டு ஆள் ஒருவர் நேரில் போய், கையில் பாக்கு வைத்துத்தான் முடிப்போம். வைத்த பிறகு எங்கள் குடும்பம் பேச்சு மாறியதில்லை. கடைத்தெருவில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம்.

காகிதம் பிறகு வந்தது. சென்னையில் வாங்குகிறவர்கள் எல்லாவற்றுக்கும் ஒப்பந்தம் கேட்டார்கள். அதனால் இந்தோனேசியாவின் கரிமுன் தீவிலிருந்து எங்களுக்கு விற்கிற பாக் ஹம்டான் என்ற வியாபாரியோடும் ஆங்கிலத்தில் ஒன்று எழுதினோம். தகராறு வந்தால் சிங்கப்பூர் நடுவர் ஒருவர் விசாரிப்பார் என்று அதில் இருந்தது. இருவரும் கையெழுத்துப் போட்டோம். பேனாவை மூடியதும் நான் அவர் கையில் பாக்கு வைத்தேன். "காகிதம் கஸ்டம்ஸுக்கு, இது நமக்கு" என்று ஹம்டான் சிரித்தார்.

என் மகன் குணாளன் இறந்தது அந்த ஒப்பந்தத்துச் சரக்கோடுதான்.

சரக்கை இரண்டு நடையாகக் கொண்டுவர வேண்டும் என்பது ஒப்பந்தம். தரம் பார்க்கக் கரிமுன் போன குணாளன், சென்னைக்குப் போகும் கப்பல் முன்கூட்டியே கிளம்புகிறது என்று தெரிந்ததும், மூட்டைகள் எல்லாவற்றையும் ஒரே படகில் ஏற்றச் சொன்னான். ஹம்டானின் படகை ஓட்டிய கரிமுன்காரர் யூசோப் கடலைப் பார்த்துத் தயங்கினாராம். குணாளன் சட்டைப்பையிலிருந்து பாக்கை எடுத்து அவர் கையில் வைத்தானாம். யூசோப் அதற்கு மேல் பேசவில்லை. குணாளனும் அதே படகில் ஏறிக்கொண்டான். பிசாங் தீவு கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் படகு கவிழ்ந்தது. குக்குப் சேற்றுக்கரையில் என் மகன் கிடைத்தான். யூசோப் கிடைக்கவே இல்லை.

காரியம் முடிந்து கொஞ்ச காலத்தில் ஹம்டான் வழக்குப் போட்டார். படகுக்கும் யூசோப்பின் குடும்பத்துக்கும் எங்கள் கம்பெனியே பொறுப்பு என்றார்.

ஜொகூர் பாருவில் லோஷினி என்ற வக்கீலைப் பார்த்தேன். வெளிநாட்டு வியாபாரத் தகராறுகளை மட்டும் எடுத்து நடத்துகிறவள். என்னை அங்கிள் என்று கூப்பிட்டாள். எனக்குப் பிடிக்கவில்லை, இருந்தாலும் திருத்தவில்லை.

"குணாளன் கம்பெனியில டைரக்டரா, அங்கிள்?"

"என் மகன்."

"அது போஸ்ட் இல்ல. பேப்பர்ல யாரு டைரக்டர்?"

"நான் மட்டும்."

அவள் முகம் தெளிந்தது. "ஓகே லா. அப்ப வழி இருக்கு."

ஒப்பந்தத்தில் எதை மாற்றுவதானாலும் டைரக்டர் கையெழுத்து வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. தரம் பார்க்கப் போன குணாளனுக்குக் கம்பெனி சார்பாக உத்தரவு கொடுக்க அதிகாரம் இல்லை, அவன் சொன்னது கம்பெனியைக் கட்டுப்படுத்தாது என்று நான் சாட்சி சொன்னால் வழக்கு விழுந்துவிடும். சொல்லாவிட்டால் மண்டியும் வீடும் போகும்.

"அவரு தப்பு செஞ்சாருன்னு நம்ம சொல்லல அங்கிள். நம்ம ஆளா பேசலன்னுதான் சொல்றோம்."

"யூசோப் வீட்டுக்கு?"

"அது ஹம்டானோட தலைவலி."

நான் யோசித்தேன். ஐயாசாமியின் பேரன் ஒரு மனிதனைக் கடலில் மூழ்கடித்தான் என்று ஊர் பேசுவதற்கு இது ஒரு அணை. குடும்பப் பேர் தப்பிக்கும். அவள் தயாரித்த வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் பிற்பகல், மண்டிக்குப் பின்னால் ஆற்றில் கடல் நீர் ஏறுகிற நேரத்தில், குணாளன் வந்தான். என் மேசைக்கு எதிரே, அவன் எப்போதும் உட்காருகிற நாற்காலியில் உட்கார்ந்தான். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. முடியில் சேறு. நனைந்த பாக்கு அழுகும் நாற்றம் அறை முழுவதும் ஏறியது. உயிரோடு இருந்தபோது ஒரு நிமிடம் வாய் மூடாதவன், ஒரு வார்த்தை பேசவில்லை. வலது கையை மேசைமேல் மல்லாத்தி வைத்தான். உள்ளங்கை காலியாக இருந்தது.

நான் தலையைத் திருப்பவில்லை. என் கடையில் என் மகன் உட்காருகிறான், அதற்கு நான் ஏன் பயப்பட வேண்டும்? ஆற்றில் நீர் வடிந்ததும் போய்விட்டான். நாற்காலியடியில் தண்ணீர் தேங்கி நின்றது.

அதன் பிறகு, நீர் ஏறும்போதெல்லாம் வந்தான். கையை அப்படியே வைத்தான். என் மனைவி பிரேமலா அவனைப் பார்க்கவில்லை. தண்ணீரைப் பார்த்தாள். விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"உப்புங்க" என்றாள்.

"கூரை ஒழுகுது."

"கூரையில ஏதுங்க உப்பு?" அவள் தினமும் துடைத்தாள். துடைத்த துணியை மட்டும் பிழிந்து கொட்டாமல், அப்படியே கொடியில் போட்டாள்.

விசாரணை நாளில் லோஷினியின் ஆபீசில் பெரிய திரைக்கு முன் உட்கார்ந்தேன். திரையின் ஒரு கட்டத்தில் சிங்கப்பூர் நடுவர் தெரிந்தார். இன்னொரு கட்டத்தில் ஹம்டானும் அவருடைய வக்கீலும். ஹம்டான் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் பக்கத்தில் தலையைச் சுற்றித் துடோங் அணிந்த ஒரு பெண் இருந்தார். அவர் என்னை மட்டுமே பார்த்தார். யூசோப்பின் மனைவி என்று யாரும் சொல்லித் தெரிய வேண்டியிருக்கவில்லை.

"சுருக்கமா பேசுங்க அங்கிள்" என்று லோஷினி காதோடு சொன்னாள். "நீங்க நீட்டினா எதிர் வக்கீலுக்கு டீ வாங்கிக் குடுத்த மாதிரி. பாக்கப் பத்திக் கேட்டா, சும்மா மரியாதைக்குன்னு சொல்லுங்க." பிறகு காலை மேலே தூக்கினாள். "அலமாக், ஏர்கான் ஒழுகுதா?"

கம்பளம் நனைந்திருந்தது. எனக்கு இடப்பக்கத்து நாற்காலியில் குணாளன் இருந்தான். ஜொகூர் பாருவரை அவன் வந்தது அதுதான் முதல் தடவை. கை மல்லாந்து கிடந்தது.

சாட்சி விசாரணையில் முதலில் ஒன்று கேட்பார்கள். அது வெறும் முறை, எல்லாரும் இல்லை என்றுதான் சொல்வார்கள் என்று லோஷினி முன்பே சொல்லியிருந்தாள். நடுவர் அதைக் கேட்டார். மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார்:

"உங்கள் வாக்குமூலத்தில் திருத்த வேண்டியது ஏதும் உண்டா?"

"உண்டு" என்றேன்.

லோஷினியின் கை என் முழங்கைமேல் விழுந்தது. நான் எழுந்து நின்றேன். உட்கார்ந்து சொல்லக்கூடிய விஷயம் இல்லை அது.

"குணாளனுக்கு அதிகாரம் இல்லை என்று எழுதியிருக்கிறது. அதை அடித்துவிடுங்கள். எங்கள் வீட்டு ஆள் பாக்கு வைத்தால் கம்பெனி வைத்தது. அவன் படகோட்டி கையில் வைத்தான் என்றால், நான் வைத்தேன்."

மொழிபெயர்ப்பாளர் சொல்லி முடிக்கும்முன்பே ஹம்டான் முகத்தை மூடிக்கொண்டார். அவருக்குத் தமிழில் பாக்கு என்ற சொல் தெரியும். அந்தப் பெண் அசையவில்லை.

வெளியே நடைபாதையில் லோஷினி என்னை நிறுத்தினாள். "இவ்ளோ நாளா நான் கட்டினத ஒரே வார்த்தையில இடிச்சிட்டீங்க. இனி மண்டிய காப்பாத்த முடியாது, புரியுதா?"

"நீ நல்லாத்தான் கட்டினேம்மா. என் பையன வெளிய நிறுத்திட்டுக் கட்டிட்ட."

பொந்தியான் திரும்பியபோது நீர் ஏறத் தொடங்கியிருந்தது. மண்டிக் கதவைத் திறந்து என் இடத்தில் உட்கார்ந்தேன். இனி வரமாட்டான் என்று நினைத்தேன். வராமல் போனால் எப்படி இருக்கும் என்றும் நினைத்தேன்.

வந்தான். தனியாக வரவில்லை.

அவனுக்குப் பின்னால் ஒரு வயதான மனிதர் நுழைந்தார். நான் பார்த்தே இராத முகம். இடுப்பில் கட்டிய சாரோங்கிலிருந்து தண்ணீர் ஊற்றாக இறங்கியது. குணாளன் எழுந்து தன் நாற்காலியை அவருக்குக் கொடுத்துவிட்டுச் சுவரோரம் நின்றான். அப்படித்தான் அவனை வளர்த்திருந்தேன்.

பிரேமலா துணியோடு வந்து வாசலில் நின்றாள். "என்னங்க, இன்னிக்குத் தண்ணி ரெண்டு எடத்துல கெடக்கு?"

"யூசோப் வந்திருக்காரு."

அவள் துணியைக் கீழே வைத்தாள். சேலைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு, காலி நாற்காலியைப் பார்த்து, "உக்காருங்க, காப்பி கொண்டாறேன்" என்று உள்ளே போனாள்.

அந்த மனிதர் மூடிய கையை என் பக்கம் நீட்டினார். விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. உள்ளே ஒரு பாக்கு இருந்தது. கடைசியாகக் குணாளனிடம் அவர் வாங்கியதை எடுத்துக்கொண்டு வந்திருந்தார். அதை வாங்கினால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். அவர் வீட்டுச் சோறு இனி என் வீட்டுச் சோறு. நடுவர் என்ன தீர்ப்பு எழுதினாலும், மண்டி இருந்தாலும் போனாலும், அது மாறாது.

எழுந்து நின்று இரண்டு கைகளாலும் வாங்கினேன். குளிர்ந்திருந்தது. விரல்களை மூடிக்கொண்டேன்.

பிரேமலா இரண்டு கோப்பைகளோடு வந்தபோது அறையில் நான் மட்டும் நின்றிருந்தேன்.

"கையில என்னங்க?"

திறந்து காட்ட முயன்றேன். விரல்கள் விரியவில்லை. இடுக்குகளின் வழியாக உப்புத்தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"நாளைக்குக் கரிமுன் போகணும்" என்றேன். "நீயும் கிளம்பு."