நாடா கட்டிய துளைகள்

என் கணவன் ஆரின் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"இந்த வேட்டை சீசனுக்கு ஒரு தடவை என்கூட மலைக்கு வா, லோர்னா. அதுக்கப்புறம் நீ பாய்ஸியில உன் தங்கச்சி வீட்டுக்கே போயிடு. நான் தடுக்க மாட்டேன்."

போவதாக நான் ஏற்கெனவே முடிவு செய்திருந்தேன். பெட்டியைக்கூடக் கட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளியிருந்தேன். எங்கள் மகன் டால்டன் அந்த மலை முகாமில் செத்த பிறகு, நாங்கள் ஒரே வீட்டில் ஆளுக்கொரு அறையில் குடியிருந்தோம். எல்க் மான் வேட்டைக்குப் போன பையன், வண்டிக்குப் பின்னால் இழுத்துப்போகும் எங்கள் பழைய ட்ரெய்லர் வீட்டில் ஹீட்டரைப் போட்டுவிட்டுத் தூங்கினான், எழுந்திருக்கவில்லை. கூரைமேல் இருக்கும் புகைக் குழாயில் எலி கூடு கட்டியிருந்ததாம். விஷக்காற்று வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே தங்கிவிட்டதாம். தேடிப் போனது ஆரின்தான். கூட்டைப் பிடுங்கிப் போட்டதும் தானேதான் என்று போலீஸ்காரரிடம் சொன்னான்.

அன்றிலிருந்து எனக்கு எலி என்றால் கொலைவெறி. வீடு, கொட்டகை, தீவனக் கிடங்கு என்று மூலைக்கு மூலை பொறி வைத்தேன். செத்த எலிகளை ஆரின்தான் எடுத்துப் போடுவான்.

பழைய ட்ரெய்லரைக் காயலான் கடைக்குப் போட்டாகிவிட்டது. இப்போது மலைக்குப் போகவென்று ஆரின் பார்த்து வைத்திருந்தது, பிக்கப் வண்டியின் முதுகில் ஏற்றிக்கொள்ளும், உள்ளேயே படுத்துத் தூங்கக்கூடிய கேம்பர் ஒன்று. ஓடும்போது கூரை தாழ்ந்திருக்கும்; நிறுத்திய இடத்தில் தூக்கிவிட்டால் நான்கு பக்கமும் கித்தான் சுவர் எழும்பும். விற்றவர் பர்ல் என்ற கிழவர், மரலாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். என்னையும் இழுத்துக்கொண்டுதான் ஆரின் அதைப் பார்க்கப் போனான்.

"கூரை ஒழுகுமா?" என்று கேட்டேன்.

"மழை பெஞ்சா மட்டுந்தாம்மா," என்றார் பர்ல்.

"ஏன் விக்கிறீங்க?"

"படுக்கை மேல இருக்கு, என் முட்டி கீழ இருக்கு. ரெண்டுக்கும் ஒத்து வரல." பிறகு ஆரினிடம் திரும்பினார். "ஒண்ணு சொல்லிடறேன். கூரையை இறக்க ரெண்டு ஆளு வேணும். ஒருத்தர் உள்ள நின்னு பலகையத் தள்ளணும், ஒருத்தர் வெளிய நின்னு துணி மாட்டிக்காமப் பாத்துக்கணும். நானும் என் வீட்டுக்காரியும் போட்ட சண்டையில முக்காவாசி அப்பப் போட்டதுதான்."

"நாங்க சண்டை போடற அளவுக்குக்கூடப் பேசிக்கறதில்ல," என்றேன். ஆரின் குனிந்து டயரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வீட்டுக்குக் கொண்டுவந்து பிரித்துப் பார்த்தால், முன்பக்க மூலைப் பலகையில் ஸ்க்ரூ டிரைவர் ஊறின ரொட்டியில் இறங்குவதுபோல இறங்கிற்று. கித்தான் மடிப்புக்கு மடிப்பு கிழிந்திருந்தது. வைக்கோல் போருக்குத் தார்ப்பாயும் குதிரைக்குப் போர்வையும் தைப்பது என் தொழில். ஆகவே கித்தான் என் தலையில் விழுந்தது.

"தைச்சுத் தர்றேன். ஆனா அதுல படுக்க மாட்டேன்," என்றேன்.

"படுக்க வேணாம். தைச்சுக் குடு."

கோடை முழுக்க வேலை நடந்தது. அவன் உளுத்த பலகையை அறுத்து எடுத்துப் புதுப் பலகை வைத்தான், கூரைச் சந்துகளுக்குப் பசை பூசினான். நான் பழைய துணியைத் தரையில் விரித்து, அதை அளவாக வைத்துப் புதுத் துணி வெட்டினேன். ஹீட்டரைப் புதிதாகவே வாங்கிப் போட்டான். அதன் புகை பக்கச் சுவர் வழியாக வெளியே போகும். விஷக்காற்று வந்தால் அலறும் கருவியைத் தலைமாட்டில் ஒன்று, கால்மாட்டில் ஒன்று, கதவோரம் ஒன்று என்று வைத்தான்.

"இது கேம்பரா, தீயணைப்பு நிலையமா?" என்றேன்.

"உளியை எடு," என்றான்.

கத்தரி எங்கே, ஆணி எங்கே என்று அந்தக் கோடையில் பேசியதுதான் பையன் போனபிறகு நாங்கள் பேசிய பேச்சு. எனக்கு அது பிடித்திருந்தது. பிடித்திருந்ததை நினைத்து என்மேலேயே எரிச்சல் வந்தது.

வேலை முடிந்ததும் கேம்பரைக் கொட்டகையில் நிறுத்தினோம். வேட்டை சீசனுக்கு முன்னால், ஜன்னலுக்குத் தைத்த திரையை மாட்டலாமென்று ஒரு காலையில் போனேன். கேம்பரைச் சுற்றி ஆரஞ்சு நாடாக்கள் தொங்கிக்கொண்டிருந்தன. காட்டில் வெட்டவேண்டிய மரத்துக்கு அடையாளம் கட்டுவது ஆரினின் வேலை. அந்த நாடாச் சுருள் எப்போதும் அவன் பையில் இருக்கும். எங்கெங்கே ஓட்டை என்று குறித்திருக்கிறான் போல என்று எண்ணி ஒன்றை இழுத்தேன். பாத்திரம் தேய்க்கும் கம்பி நார், ஒரு கை நிறைய வந்தது.

இதில் அதிசயமில்லை. எங்கள் பக்கத்தில் வண்டியைக் கொட்டகையில் விடும்போது உள்ளே போகும் துளைகளையெல்லாம் கம்பி நாரால் அடைப்பார்கள். எலியால் அதைக் கடிக்க முடியாது. கிளம்புகிற அன்று பிடுங்கி எறிவார்கள். என் அப்பாவும் அப்படித்தான், ஆரினும் எப்போதும் அப்படித்தான். ஆனால் நாடா யாரும் கட்ட மாட்டார்கள். கட்டினால், பிடுங்க மறந்துவிடுவானோ என்று ஊரே சிரிக்கும்.

கேஸ் பெட்டிக்கு ஒரு நாடா, குழாய்த் துளைக்கு ஒரு நாடா. ஹீட்டரின் புகைத் துளையில் இருந்த நாரை மட்டும் நாடா போதாதென்று கயிறாலும் சுற்றி, அதன் மறுமுனையைக் கதவுக் கைப்பிடியில் முடிச்சுமேல் முடிச்சாகப் போட்டிருந்தான். அந்த நாரைப் பிடுங்காமல் எவனும் கதவைத் திறந்து உள்ளே போக முடியாது.

நாரைக் கையில் வைத்துக்கொண்டே படியில் உட்கார்ந்தேன். ஆரின் காபியோடு வந்தான். என் கையிலிருந்ததைப் பார்த்ததும் நின்றுவிட்டான்.

"டால்டன் படுத்திருந்த ட்ரெய்லர்ல இருந்தது எலிக்கூடா?"

"இல்ல," என்றான்.

"இதுவா?"

"ஆமா. அந்த வருஷ வசந்தத்துல நான்தான் அடைச்சேன். ஃபோன் பண்ணி, 'அப்பா, ட்ரெய்லர எடுத்துக்கவா'ன்னான். எடுத்துக்கடான்னேன். குழாய்ல அது இருக்கறது ஞாபகமே வரல, லோர்னா. மலைக்குப் போய் அவனப் பாத்தப்பதான் ஞாபகம் வந்துச்சு. போலீஸ் வர்றதுக்குள்ள பிடுங்கிச் சட்டைக்குள்ள போட்டுக்கிட்டேன்."

"எலின்னு சொன்னியே."

"சொன்னேன்."

"நான் பொறி வெச்சேன். மூலைக்கு மூலை பொறி வெச்சேன். அத்தனையையும் நீதானே எடுத்துப் போட்டே?"

"ஆமா."

அடித்தேன். இரண்டு கையாலும், என் பலம் இருக்கும்வரை அடித்தேன். காபி அவன் சட்டையெல்லாம் கொட்டியது, அவன் நகரவில்லை.

"மலையில வெச்சு உங்கிட்ட சொல்லணும்னுதான் கூப்பிட்டேன்," என்றான். "இங்க வாய் வரல. சொல்லிட்டா, நீ போறதுன்னா காரணத்தோட போகலாமேன்னு."

காரணத்தோடு போக எனக்கு உரிமை இருந்தது. பெட்டியை வெளியே இழுத்தேன், மறுபடி உள்ளே தள்ளினேன், சீசன் வரும்வரை இதே வேலையாக இருந்தேன். அவனை மன்னிக்கவில்லை, இன்றைக்கும் இல்லை. ஆனால் பாய்ஸியில் போய் யாரோடு உட்கார்ந்து அழுவேன்? என் பையன் தொட்டிலில் எப்படித் தூங்குவான் என்று தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். அதில் ஒருவனை விட்டுவிட்டுப் போனால் எனக்குப் பாதிப் பையன்தான் மிஞ்சுவான்.

மலைக்குப் போனேன். ட்ரெய்லர் நின்ற அதே மேட்டில் வண்டியை நிறுத்தினான். லேசாகப் பனி விழுந்துகொண்டிருந்தது. ஆரின் முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து, நார்களையெல்லாம் பிடுங்கி என் கையில் கொடுத்தான். உள்ளே அவனும் வெளியே நானுமாகக் கூரையைத் தூக்கினோம். என் தையல் எங்கும் விடவில்லை.

"ஹீட்டரப் போடு," என்றேன்.

கையுறையைக் கழற்றி, புகைத் துளைக்கு நேரே உள்ளங்கையைக் காட்டிக்கொண்டு நின்றேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு உள்ளே ஏதோ சொடுக்கியது; கொஞ்ச நேரத்தில் கையில் சூடு பட்டது. சுடச் சுடக் கையை எடுக்காமல் நின்றேன்.

கித்தானுக்குப் பின்னாலிருந்து அவன் குரல் வந்தது. "வருதா?"

"வருது."

உள்ளே போனபோது, அந்தக் குளிரிலும் அவன் கதவை அகலத் திறந்து வைத்துக்கொண்டு, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். சாத்த அவனுக்குக் கை வரவில்லை. நான் அவனுக்கு மேலாகக் கையை நீட்டி, உள்ளேயிருந்தே கதவைச் சாத்தினேன்.