டியூப்லைட் வழியில் சேருமா?

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, திருடியது. சொத்துச் சட்டம் நடத்துகிறவன் திருட்டிலிருந்து தொடங்குவதில் ஒரு பொருத்தம் இருக்கிறது.

முதலாண்டு சட்ட மாணவர்களுக்காக ஒரு பாடநூல் எழுதினேன். அதில் க, ங, ச என்று மூன்று பேர் வருவார்கள். க தன் நிலத்தை ங-வுக்கு விற்பான், ச குறுக்கே வருவான். மூவருக்கும் பசி கிடையாது, கோபம் கிடையாது, சொத்து மட்டும் உண்டு. வகுப்பில் வாசித்துக் காட்டினேன், மாணவர்கள் நன்றாகத் தூங்கினார்கள்.

அச்சகத்திலிருந்து மெய்ப்பு வந்தபோது, வழியுரிமை அத்தியாயத்தின் ஓரத்தில் பச்சை மையில் ஒரு கேள்வி இருந்தது: 'டியூப்லைட் வழியில் சேருமா?'

அச்சகத்துக்காக மெய்ப்புத் திருத்தும் ஓர் அம்மா எழுதியது. அவர் வேலை எழுத்துப் பிழை பார்ப்பது. கேள்வி கேட்பது என் வேலை. கோபமாக போன் செய்தேன். அரை மணி நேரம் கழித்து கோபத்தை மறந்து, கையில் கிடைத்த தாளில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன்.

2

(கைவிட்ட தொடக்கம்: 'அந்தி மயங்கும் வேளையில், இரும்புப் படிக்கட்டில் ஒரு மனிதன்…' வேண்டாம். அந்தி மயங்கினால் மாணவர்களும் மயங்குவார்கள்.)

நேராகவே சொல்கிறேன். அந்த அம்மாவுக்கும் அவர் கணவருக்கும் விவாகரத்து ஆனது. கணவர் லிஃப்ட் மெக்கானிக். இருவரும் சேர்ந்து கட்டிய வீட்டை நீதிமன்றம் குறுக்கே வெட்டிக் கொடுத்தது. கீழ்த்தளம் அம்மாவுக்கு, மேல்தளம் மெக்கானிக்குக்கு. வெட்டி முடித்த பிறகுதான், மாடிப்படி கீழ்த்தளத்துக் கூடத்தின் உள்ளே இருப்பது எல்லோர் கண்ணிலும் பட்டது. (ஊரில் பாதிப் பேரை மேலே ஏற்றி இறக்குகிறவருக்குத் தன் வீட்டு மாடிக்குப் போக வழியில்லை. நானே இட்டுக்கட்டியிருந்தால் மலிவான நகைச்சுவை என்பீர்கள்.)

சட்டம் திணறவில்லை, அதற்கு வெட்கம் கிடையாது. வேறு வழியே இல்லாதவர் அடுத்தவர் இடத்தின் ஊடாகத் தன் இடத்துக்குப் போகலாம். போகலாம், அவ்வளவுதான். நிற்கவோ உட்காரவோ டிவி பார்க்கவோ முடியாது. வெளிப்புறமாக ஓர் இரும்புப் படிக்கட்டு போட்டுக்கொள்ள மெக்கானிக்குக்கு ஆறு மாதம் அவகாசம். அதுவரை வாசல் சாவி ஒன்று அவரிடம் இருக்கும்.

வாசலிலிருந்து படி வரை ஒன்பது தப்படி.

3

மெக்கானிக்கின் குணம் எனக்குப் பிடிபடவில்லை. இந்தக் கதையையும் அந்த அம்மாவிடமே திருத்தக் கொடுத்தேன்; முதல் வரைவில் மெக்கானிக்கைக் குடிகாரராக்கியிருந்தேன். விவாகரத்துக்குக் காரணம் தேடும் சிரமம் மிச்சம். பச்சை மை பொறுக்கவில்லை.

"குடிக்க மாட்டாரு சார். அடிக்கவும் மாட்டாரு. அந்த வரிய நீங்க அடிச்சிடுங்க."

"அப்ப ஏம்மா பிரிஞ்சீங்க?"

"பேச மாட்டாரு. ஒரு கட்டத்துல நானும் விட்டுட்டேன். பதினோரு வருஷம் லிஃப்ட்ல போற ரெண்டு பேரு மாதிரியே இருந்தோம் சார். அவங்கவங்க மாடி எப்ப வரும்னு பாத்துக்கிட்டு."

இப்படிப்பட்ட வாக்கியத்தை என் மூன்று நூல்களில் ஒரு முறைகூட நான் எழுதியதில்லை. வருத்தமில்லை. கொஞ்சம் இருக்கிறது.

4

இரண்டாம் மாதம், ஒரு மாலை. அந்த அம்மா சமையலறையிலிருந்து வந்தபோது மெக்கானிக் கூடத்து நாற்காலி மேல் ஏறி நின்றிருந்தார்.

"என்ன பண்றீங்க?"

"லைட்டு மினுக்குது."

"அது என் லைட்டு."

"வெளிச்சம் படியிலதான விழுது? போற வழியப் பழுது பாக்க எனக்கு உரிமை இருக்கு."

"யாரு சொன்னா?"

"உன் மேசையில கெடக்கே அந்தப் புத்தகம். நாப்பத்திரெண்டாம் பக்கம்."

போகும்போது ஒரு பத்தி, வரும்போது ஒரு பத்தி என்று அவர் மெய்ப்பைப் படித்துவந்திருக்கிறார். பரீட்சைக்கல்லாமல் என்னைப் படித்த ஒரே வாசகர், அதுவும் அத்துமீறி.

"நாற்காலி? அதுவும் வழியில சேருமா?"

மெக்கானிக் யோசித்தார். "அது வரைக்கும் இன்னும் படிக்கல."

அந்த அம்மா சிரித்துவிட்டார். (ஓரக் குறிப்பு, பச்சை மை: 'சிரிக்கவில்லை. இருமினேன்.')

அன்றிலிருந்து தினமும் வழக்கு. அவர் குடையை எங்கே வைக்கலாம், படிக்கு அடியில் இருக்கும் இடம் யாருடையது, கடந்துபோகும் உரிமையில் வேகம் எங்கே குறிப்பிடப்பட்டிருக்கிறது. ஒன்பது தப்படிக்குக் கால் மணி நேரம் ஆனது. பதினோரு வருடத்தில் பேசாததை எல்லாம் சட்டப் பிரிவு வாரியாகப் பேசினார்கள்.

5

படிக்கட்டு வேலையை மெக்கானிக்கே செய்தார். மொத்தம் பதினேழு படி. ஞாயிறுதோறும் இரண்டு படி பற்றவைத்தவர், திடீரென்று ஒன்றாகக் குறைத்தார். பிறகு ஏற்கெனவே வைத்த படிகளுக்குப் பெயின்ட் அடிக்கத் தொடங்கினார்.

காரணம் நான்தான். நாற்பத்து நான்காம் பக்கத்தில் இப்படி எழுதியிருந்தேன்: 'தேவை தீர்ந்த கணமே உரிமையும் தீர்ந்துவிடும்.'

அதற்கு முன்பே அந்த அம்மா போனில் கேட்டிருந்தார். "சார், இந்த 'கணமே' கட்டாயம் வேணுமா?"

"சட்டம்மா. ஒரு சொல்லக்கூட எடுக்க முடியாது."

"சரி சார்."

அப்போது என் குரலில் இருந்த கம்பீரத்தை நினைத்தால் இப்போது கூசுகிறது.

ஆறு மாதம் முடிந்த ஞாயிறன்று பதினேழாவது படி ஏறிவிட்டது. மறுநாள் காலை மெக்கானிக் சாவியை மேசை மேல் வைத்துவிட்டு வெளியே போனார். அதன் பிறகு எட்டு நாள், இரும்பில் ஏறும் காலடிச் சத்தம் மட்டும் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டது. அந்த வாரம் வந்த மெய்ப்பில் நான்கு பிழைகள் திருத்தப்படாமல் இருந்தன. 'உடைமை' என்பது 'உடமை' என்றே கிடந்தது. அந்த அம்மா கையில் ஒரு பிழை தப்பியதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

6

ஒன்பதாம் நாள் மாலை ஆறு மணிக்கு, கீழ்த்தளக் கதவை யாரோ தட்டினார்கள்.

மாணவர்களே, இங்கே கவனியுங்கள். உரிமை உள்ளவன் தட்டுவதில்லை. தட்டுகிறவன் கேட்பது அனுமதி. சட்டத்தில் அதைவிட நோஞ்சான் கிடையாது. கொடுத்தவர் எப்போது வேண்டுமானாலும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

மூன்று முடிவுகள் எழுதினேன். கதவு திறக்கிறது. கதவு திறக்கவில்லை. தட்டியது தண்ணீர் வடிகட்டி விற்பவர். மூன்றும் பச்சைக் கோடு விழுந்து திரும்பின.

"தட்டினது அவருதான் சார்."

"அப்புறம்?"

"அப்புறம் நடந்தது என்னுது. தட்டினது வரைக்கும் எழுதிக்கங்க."

இப்படிப்பட்ட கதைகளில் முடிவை வாசகர் கையில் கொடுத்துவிட்டு எழுத்தாளர் நழுவுவது வழக்கம். நானும் நழுவத் தயார்தான். ஆனால் சொத்துச் சட்டத்தின் முதல் விதி விடமாட்டேன் என்கிறது: தன்னிடம் இல்லாததை ஒருவர் இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது.

போனை வைக்கும் முன் அந்த அம்மா, "காலத் தொடச்சிட்டு வாங்க, இப்பதான் தரையத் தொடச்சேன்" என்று சொன்னது கேட்டது. யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. சாட்சியச் சட்டம் நடத்துகிறவர் பக்கத்து அறையில் இருக்கிறார், அவரைக் கேளுங்கள். நான் சொத்துச் சட்டம் மட்டும்தான்.