செருப்பு மட்டும் ஏறாத வண்டி

1

இந்தக் கதை எனக்கு ஒரு வாசலில் கிடைத்தது. போன தீபாவளிக்குப் பினாங்கு ஜெலுத்தோங்கில் ஒரு வீட்டு ஓப்பன் ஹவுஸ் விருந்துக்குப் போயிருந்தேன். போர்ச்சில் ஒரு பெண் குந்தி உட்கார்ந்து, விருந்தாளிகளின் செருப்புகளை ஜோடி சேர்த்து அடுக்கிக்கொண்டிருந்தாள். கக்கத்தில் ஒரு பொம்மை வண்டி. யார், எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும், தெரிந்திருந்தால் எழுத வேண்டியிருந்திருக்காது. சோம்பேறித்தனத்துக்குக் கற்பனை என்று பெயர் வைத்துத்தான் எங்கள் பிழைப்பு ஓடுகிறது.

அவளுக்குக் காமினி என்று பெயர் வைத்தேன்.

2

தொடக்கங்கள்:

“சிறு வயதிலிருந்தே காமினி இயந்திரங்களை நேசித்தாள்.” (அடித்தாயிற்று. ஆண் பொறியாளர் என்றால் இந்த வாக்கியம் வேண்டும் என்று யாரும் கேட்கப் போவதில்லை.)

“ஆறு சக்கரங்களும் அவள் வாழ்க்கையின் தடைகளை…” (மன்னிக்கவும். தடை தாண்டும் வண்டியைப் பற்றி எழுதும் எவருக்கும் இந்தக் காய்ச்சல் ஒரு தடவை வரும்.)

சரி, நேராகவே சொல்கிறேன். காமினி பாயான் லெப்பாஸில் ஒரு பொம்மைத் தொழிற்சாலையில் பொறியாளர். இரண்டு வருடமாக ஒரே வண்டி. பக்கத்துக்கு மூன்று சக்கரம். அவற்றைக் கோத்திருக்கும் கை மேலும் கீழும் அசையும். முன் சக்கரம் எதிலாவது முட்டினால் கை எழும்பும், பின்னவை தள்ளும், வண்டி ஏறிவிடும். செங்கல், படி, கவிழ்த்த சட்டி, ஒருநாள் விளையாட்டாக வைத்த டுரியான் பழத்தின் முள்தோல், எல்லாவற்றின் மேலும் ஏறியது.

செருப்பின் மேல் மட்டும் ஏறவில்லை. செங்கல் வைத்த இடத்தில் நிற்கும். செருப்போ சக்கரம் பட்டதும் நழுவும், மடங்கும், வாரைக் கொண்டுபோய் அச்சில் சுற்றிவிடும். மோட்டார் முனகிவிட்டு நின்றுவிடும்.*

* சோதனை அறையில் இது ஏன் தெரியவில்லை என்று கேட்பீர்கள். எல்லாரும் செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் அந்த அறைக்குள் போனார்கள். காமினி கண்டுபிடித்தது தன் வீட்டு வாசலில்.

3

மேலாளர் கோகிலனிடம் போனாள்.

“ரெண்டு மாசம் குடுங்க பாஸ். அச்சுக்கு மூடி போட்டுட்டா சரியாயிடும்.”

“செலிப்பர் மேல எவன் லா கார் ஓட்டுவான்?”

“வாசல்ல செலிப்பர் இல்லாத வீடு பினாங்குல எங்க பாஸ் இருக்கு?”

“அப்ப பெட்டியில எழுதிருவோம். எதையும் தாண்டும், மாமியார் வீட்டு செலிப்பர தவிர.” தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தான். “தீபாவளிக்கு மேடம் என் வீட்டுக்கு வர்றாங்க. புடிச்சா ஆர்டர். இல்லேன்னா வண்டிய மூடிட்டு என் கரடிதான். நீயும் கரடிக்கு வந்துரு.”

மேடம் என்பது ஹபீபா பீவி. நாடு முழுக்கப் பொம்மைக் கடைகள் வைத்திருப்பவர். கரடி என்பது வயிற்றை அமுக்கினால் பாடும் கரடி.

(கோகிலனை நல்லவனாக்க முயன்றேன். முதுகுவலி கொடுத்தேன், செடி வளர்க்க வைத்தேன். தண்ணீர் ஊற்றிக்கொண்டே கரடியைப் பற்றித்தான் பேசினான்.)

4

தீபாவளியன்று காமினி கோகிலன் வீட்டுக்குப் போனபோது போர்ச்சு நிறையச் செருப்பு. வண்டி அங்கிருந்து புறப்பட்டு, படியேறி, ஹாலுக்குள் வர வேண்டும். அவள் குந்தி உட்கார்ந்தாள்.

யாரும் என்ன என்று கேட்கவில்லை. கையில் ஸ்குரூடிரைவர் இருந்திருந்தால் நான்கு மாமாக்கள் யோசனை சொல்ல வந்திருப்பார்கள். பெண் செருப்பு அடுக்கினால் அது வேலைக் கணக்கில் வராது. குணக் கணக்கில் வரும்.

அவளை எழுப்பப் பார்த்தேன். ஒவ்வொரு பிரதியிலும் கை அடுத்த செருப்புக்குத்தான் போனது. குந்தியிருப்பது அவளுக்கு வெட்கமாக இல்லை. இரண்டு வருடத்தில் முதல் தடவையாகத் தன் வேலையை யாரும் சந்தேகிக்கவில்லை என்பதும், அது மனதுக்கு இதமாக இருக்கிறது என்பதும்தான் வெட்கமாக இருந்தது.

நடுவில் வழி கிடைத்தது. வண்டி ஓடியது, படியேறியது, வாசல் நிலையைத் தாண்டி ஹாலுக்குள் வந்தது. எல்லாரும் கைதட்டினார்கள்.

“நம்ம ஐடியாதான் மேடம்,” என்றான் கோகிலன்.

5

ஹபீபா பீவி வாசலுக்கு வந்து கீழே பார்த்தார்.

“நா திசைக்கொண்ணா உதறிட்டு வந்தேன். இப்ப ஜோடியா நிக்குது. யாரு எடுத்து வெச்சா?”

முறுக்குத் தட்டோடு வந்த கோகிலனின் மனைவி குணவதிக்குப் பெருமை தாங்கவில்லை. “நம்ம காமினிதான் மேடம். வந்ததுலேருந்து இதே வேலை. தங்கமான பொண்ணு!”

ஹபீபா பீவி காமினியைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். பிறகு தன் செருப்புகளைக் காலால் வழியின் நடுவே தள்ளிவிட்டார்.

“எங்க வீட்டு வாசல் இப்படித்தான்மா கெடக்கும். இதுல ஏறுமா?”

“ஏறும் மேடம்!” என்றான் கோகிலன்.

“நா அந்தப் புள்ளகிட்ட கேட்டேன்.”

6

முடிவு அ: “ஏறாது மேடம், ரெண்டு மாசம் வேணும்,” என்கிறாள். ஹபீபா பீவி அவளைக் கட்டியணைத்துக்கொள்கிறார். (நானும் ஆபீசில் வேலை பார்த்தவள். நீக்கிவிட்டேன்.)

முடிவு ஆ: ஓட்டுகிறாள், வண்டி அதிசயமாக ஏறிவிடுகிறது. (அச்சும் வாரும் என் பேனாவுக்குக் கட்டுப்படவில்லை.)

முடிவு இ: ஓட்டுகிறாள், வார் சுற்றுகிறது. “பொம்பளைங்ககிட்ட குடுத்தா இப்படித்தான்,” என்கிறான் கோகிலன். கரடி பாடுகிறது. (இது மட்டும் தடங்கலே இல்லாமல் வந்தது. அதனாலேயே பயமாக இருக்கிறது.)

ஆகவே நீங்கள் சொல்லுங்கள். உண்மையைச் சொல்ல வைக்கப் போகிறீர்களா? நாற்காலியில் சாய்ந்துகொண்டு அடுத்தவரை நேர்மையாக்குவது நல்ல பொழுதுபோக்கு. திங்கட்கிழமை வேலைக்குப் போகப் போவது அவள்தான் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். பொய் சொல்ல வைக்கிறீர்களா? அப்படியானால் நீங்களே ஓட்டிக் காட்டுங்கள்.

ஒரே ஓர் எச்சரிக்கை. அவளுக்காகப் பதில் சொல்லும்போது கோகிலனின் முகத்தைப் பார்க்காதீர்கள். காமினி நிமிர்ந்தாள், ஹபீபா பீவியின் கண்ணை நேராகப் பார்த்து வாயைத் திறந்தாள். நான்தான், பழக்கதோஷம், மேலாளர் என்ன நினைக்கிறாரோ என்று அந்தப் பக்கம் திரும்பி, அவள் சொன்னதைத் தவறவிட்டேன்.