மூன்றாவது பெடல்

1

இந்தக் கதை திருடியது. தவளக்குப்பம் கூட்டு ரோட்டில் கடலூர் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, டீக்கடை பெஞ்சில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த இருவரிடமிருந்து எடுத்தேன். எண்பத்தாறாம் வருஷம். புதுச் சின்னக் கார்கள் ரோட்டுக்கு வந்து, கார் வாங்க வழியில்லாத எல்லாரும் காரைப் பற்றிக் கருத்துச் சொல்லத் தொடங்கியிருந்த நேரம். கியரைத் தானாகவே மாற்றிக்கொள்ளும் கார்தான் இனிமேல் வரும் என்றார் ஒருவர். மற்றவர் தம்ளரைக் கீழே வைத்தார்.

"க்ளட்ச் இல்லாதது ஒரு காரா? வில்லியனூர்ப் பக்கம் சவரிநாதன்னு ஒருத்தன். க்ளட்ச் இல்லாத காரைக் குடுத்துட்டு க்ளட்ச் கார் வாங்குனான் பாரு, அப்பதான் ஆம்பளயா ஆனான்."

அவர்கள் பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார்கள். ஒரு மனிதர் மூன்றாவது பெடலை மிதித்து ஆண்மை அடைந்தார் என்ற செய்தியோடு என்னைத் தனியாக விட்டுவிட்டார்கள். மீதியை நானே செய்துகொண்டேன்.

எப்படித் தொடங்குவது?

"மார்கழிப் பனியில் கோயில் மணி ஒலிக்க..." [வேண்டாம். அந்த மணி ஓயும்வரை கதை நகராது.]

"மனிதனுக்கும் இயந்திரத்துக்கும் உள்ள உறவு என்பது..." [இது கட்டுரை. அதிலும் மோசமான கட்டுரை.]

கார் வந்தது. [போதும்.]

2

கார் வந்தது எழுபத்து நாலில். வில்லியனூருக்குப் பக்கத்தில் ஒரு கத்தோலிக்கப் பங்கு கிராமம். பெயரைச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள். சவரிநாதன் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷனோடு திரும்பியவர், அந்தப் பக்கத்துப் பேச்சில் 'சொல்தா'. அல்ஜீரியாவில் இடது முழங்காலில் குண்டு பட்டது. கால் நின்றது, நடந்தது, ஆனால் எதையும் அழுத்தி மிதிக்க அதற்கு வலுவில்லை. பிறகு பிரான்ஸ் ஆஸ்பத்திரியில், இரண்டு பெடல் காரே உமக்குச் சரி என்று சொல்லி அனுப்பினார்கள். வெண்ணெய் நிறத்தில் ஒரு சின்னக் கார், கப்பலில் சென்னை வந்து இறங்கியது. (செய்த கம்பெனியின் பெயரைச் சொல்ல மாட்டேன். அவர்கள் எனக்கு ஒன்றும் தரவில்லை.)

ஊரில் யாரும் காலைப் பற்றிக் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. யாராவது உற்றுப் பார்த்தால், "மழைக்கு லேசா புடிச்சிருக்கு" என்பார். சித்திரை வெயிலிலும் அதையே சொன்னார்.

காரை முதலில் சோதித்தவன் அவர் மனைவி இன்பமேரியின் அண்ணன் மரியதாஸ். வில்லியனூர் ஸ்டாண்டில் டாக்சி ஓட்டுகிறவன். [இவனைத்தான் முதலில் கதாநாயகனாக வைத்தேன். நாலு பக்கம் தன்னைப் பற்றியே பேசினான். இறக்கிவிட்டேன். இனிக் கதை இன்பமேரியின் பக்கம்.]

மரியதாஸ் கதவைத் திறந்து, குனிந்து, கீழே தேடினான்.

"மாப்ளே, க்ளட்ச் எங்க?"

"இல்ல மச்சான்."

"இல்லன்னா? கப்பல்ல உழுந்துடுச்சா?"

"இதுக்கு அது கெடயாது. கியரைத் தானா மாத்திக்கும்."

"தானா மாத்திக்குமா!" மரியதாஸ் நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்தான். "அப்ப நீ இன்னாத்துக்குப்பா உள்ள?"

கூட்டம் சிரித்தது. சவரிநாதனும் சேர்ந்து சிரித்தார். அவர் அப்படிச் சிரித்தது இன்பமேரிக்குப் பிடிக்கவில்லை.

3

காரில் இன்னொரு விஷயமும் இருந்தது. பிரான்ஸ் வண்டியாதலால் ஸ்டியரிங் இடது பக்கம். நம் ஊரில் டிரைவர் உட்காரும் வலது பக்கத்தில் இன்பமேரி உட்கார்ந்து போனாள். எதிரே வந்த மாட்டு வண்டிக்காரர் கண்ணில் பட்டது இதுதான்: ஒரு பெண் மடியில் கையை வைத்துக்கொண்டு, வெளியே வேடிக்கை பார்த்தபடி, கார் ஓட்டுகிறாள். அவர் மாட்டை வாய்க்காலில் இறக்கினார்.

அந்த வாரமே காருக்குப் 'பொம்பள வண்டி' என்று பெயர் ஆயிற்று.

பெயர்தான் வந்துவிட்டதே என்று இன்பமேரி ஓட்டவும் கற்றுக்கொண்டாள். கற்றுக்கொண்டாள் என்பது பெரிய வார்த்தை. ஊசுட்டேரிக் கரையில் ஒரு நாள், "ஒண்ணு போவ, ஒண்ணு நிக்க. அவ்ளோதான? எறங்குங்க" என்றாள். இறங்கினார். அவள் இரண்டு தரம் போய் வந்தாள். அதோடு பாடம் முடிந்தது.

அவளுக்குப் பாகூரில் பள்ளிக்கூட வேலை. அதுவரை இரண்டு பஸ் மாறிப் போவாள். கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, யாருடைய முழங்கை எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டே நிற்கும் பயணம். இப்போது காரில் போனாள். செலியமேட்டு வயல்களுக்கு நடுவே கண்ணாடியை இறக்கிவிட்டு, யாரும் இடிக்காத தன் தோளில் காற்றை வாங்கிக்கொண்டு போனாள். சில நாள் பாட்டுக்கூடப் பாடினாள். [என்ன பாட்டு என்று எனக்குத் தெரியாது. அது அவளுடையது.]

(லைசென்ஸ்? அதைப் பற்றி எழுதிய பத்தி நீக்கப்பட்டது.)

ஊருக்கு இது போதுமாக இருந்தது. வாத்தியாரம்மா ஓட்டுகிற வண்டியை ஒரு ஆண்பிள்ளை எப்படி ஓட்டுவது? "அது கார் இல்லப்பா, தையல் மிஷினு" என்றான் மரியதாஸ். சவரிநாதன் கோயிலுக்குப் போனால், "ஊசி கோத்தாச்சா?" என்று யாராவது கேட்டார்கள். சாராயக்கடையில் மரியதாஸ் தன் இடது காலைப் பெஞ்சின்மேல் தூக்கி வைத்து, அதைத் தட்டிக் காட்டிப் பேசினான்.

"இருபது வருசமா க்ளட்ச் மிதிச்ச காலு மாப்ளே இது. கியர் போடறது இன்னான்னு நெனச்ச? வண்டி நம்ம சொன்ன பேச்சைக் கேக்கணும். அது இஷ்டத்துக்கு மாத்துனா நம்ம இன்னாத்துக்கு?"

சவரிநாதன் தம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

4

இந்த இடத்தில் கதையை என் நண்பர் சாமிநாதனிடம் படித்துக் காட்டினேன். "நம்பும்படி இல்லையே" என்றார். "கால் முடியாத ஒருத்தன், நாலு பேர் கிண்டல் பண்ணினதுக்காக க்ளட்ச் கார் வாங்குவானா?"

சாமிநாதன், மூக்குக்கண்ணாடி போட்டால் வயதாகிவிட்டதாக நினைப்பார்கள் என்று, கண்ணாடியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஸ்கூட்டர் ஓட்டுகிறவர். ஆகவே தொடர்ந்து எழுதினேன்.

ஒரு நாள், கார் வீட்டில் நிற்கட்டும் என்று சவரிநாதன் சொன்னதால் இன்பமேரி பஸ்ஸில் போய்த் திரும்பினாள். வாசலில் வேறு கார் நின்றது. பம்பாயில் செய்தது, சாம்பல் நிறம், ஸ்டியரிங் தண்டிலேயே கியர்.

"இது இன்னா?"

"கார்."

"நம்ம கார் எங்க?"

"மாத்திட்டேன். கடலூர்த் தரகரு ஒருத்தரு. உங்க அண்ணந்தான் கூட்டியாந்தாரு." சவரிநாதன் பானெட்டைத் துடைத்தார். அது சுத்தமாகவே இருந்தது. "எல்லாரு மாதிரியும் வண்டி. மூணு பெடலு."

இன்பமேரி குடையை மடக்கினாள்.

"பெடலு மூணு. உங்களுக்குக் காலு ஒண்ணரை. எப்புடி ஓட்டுவீங்க?"

 பதில் மறுநாள் காலை தெரிந்தது. இடது உள்ளங்கையால் இடது முழங்காலை அழுத்தினால் க்ளட்ச் இறங்கியது. வலது கை ஸ்டியரிங்கில். கியர் போட மூன்றாவது கை வேண்டும். அது இன்பமேரியின் கை.

"ஒண்ணு!" என்பார். போடுவாள். "ரெண்டு!" போடுவாள். அவர் முழங்காலில் இருந்து கையை எடுத்ததும் வண்டி ஒரு குதி குதிக்கும். பல் உரசும் சத்தம் மூன்று தெருவுக்குக் கேட்கும். ஊர் மகிழ்ந்தது. இப்போதுதான் வண்டி வண்டியாகச் சத்தம் போடுகிறது என்றார்கள். புருஷன் பெண்சாதி இருவரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தபடி போவதைப் பார்த்து, என்ன அன்னியோன்னியம் என்றும் சொன்னார்கள்.

இன்பமேரி பாகூருக்கு மறுபடி இரண்டு பஸ் மாறிப் போனாள்.

5

ஒரு நாள் பஸ் ஜன்னலில் இருந்து தன் காரைப் பார்த்தாள். வெண்ணெய் நிறம். உள்ளே இடது பக்கம் மரியதாஸ்.

தரகர் வெறும் திரைதான். கேலி செய்து செய்து விலையை இறக்கி, சாம்பல் நிறக் காரைத் தள்ளிவிட்டு, பிரான்ஸ் காரை மரியதாஸே எடுத்துக்கொண்டிருந்தான். புதுச்சேரிக்கு வரும் வெள்ளைக்காரர்களுக்கு ஓட்டினால் நல்ல வாடகை. இன்பமேரி அவன் வீட்டுக்கே போய்க் கேட்டாள்.

"அது பொம்பள வண்டின்னியேண்ணா?"

"ஓட்டறதுக்குத்தான். இது வியாபாரம்."

"வியாபாரத்துக்கு ஆம்பள பொம்பள கெடயாதா?"

மரியதாஸின் மனைவி எலிசா உள்ளே சிரித்தாள். அவன் திரும்பிப் பார்த்ததும் இருமினாள்.

ஆனால் மரியதாஸுக்கு ஒரு கஷ்டம் இருந்தது. [இதை எழுதும்போது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை.] இருபது வருஷம் க்ளட்ச் மிதித்த அந்தப் புகழ்பெற்ற இடது கால், க்ளட்ச் இல்லை என்பதை நம்ப மறுத்தது. எங்கேயாவது வேகம் குறைக்க நினைத்தால் தானாக எழும்பி, அங்கே இருந்த அகலமான பெடலைத் தன் பலம் முழுவதும் சேர்த்து மிதித்தது. அது பிரேக். ஒரு வெள்ளைக்கார அம்மாள் முன்கண்ணாடியில் தொப்பியோடு மோதினாள். பங்குச் சாமியாரின் மூக்குக்கண்ணாடி இரண்டாக உடைந்தது. அவர் மீதி வழியை நடந்தே வந்தார்.

6

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் போகிறவர்கள் ரோடு நிறைய நடந்துகொண்டிருந்தார்கள். சாம்பல் நிறக் கார் இரண்டாம் கியரில் உறுமியது.

"மூணு!" என்றார் சவரிநாதன்.

இன்பமேரி கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"மூணு, இன்பம்!"

"நீங்களே போடுங்க."

"எல்லாரும் பாக்கறாங்க. போடு!"

"பாக்கட்டும். அவங்களுக்குத்தான வாங்குனீங்க."

அவர் முழங்காலில் இருந்து கையை எடுத்துக் கியரைத் தொட்டார். கால் வழுக்கியது. கார் குலுங்கி, கோயிலுக்கு எதிரே நடு ரோட்டில் நின்றது.

[இங்கே ரயில்வே கேட்டை வைத்து, தண்டவாளத்தில் காரை நிறுத்தி, தூரத்தில் ரயிலையும் கூவ விட்டு ஒரு பிரதி எழுதினேன். அந்த ரயில் ஒரு நாளும் நேரத்துக்கு வந்ததில்லை என்பதால் கைவிட்டேன்.]

நாலைந்து பேர் தள்ள வந்தார்கள். "க்ளட்சை மிதிங்க சொல்தா! நல்லா மிதிங்க!" என்று கத்தினார்கள்.

சவரிநாதன் கதவைத் திறந்து இறங்கினார். வேட்டியைத் தூக்கி முழங்காலைக் காட்டினார். தழும்பு உள்வாங்கிக் கிடந்தது.

"மிதிக்க வராதுப்பா. பதினாலு வருசமா வராது. போதுமா?"

 கார்மேல் வைத்த கைகளை ஒவ்வொருவராக எடுத்தார்கள். இன்பமேரி இறங்கிச் சுற்றிவந்து அவர் பக்கத்தில் நின்றாள். அவளுக்கு அவர்மேல் கோபம் இன்னும் போகவில்லை. இருந்தும் அவர் வேட்டியை அவளே இறக்கிவிட்டாள்.

7

மறுநாள் மாலை வில்லியனூர் ஸ்டாண்டில் பஸ்ஸை விட்டு இறங்கியவளை மரியதாஸ் கூப்பிட்டான். மற்ற டிரைவர்களும் இருந்தார்கள்.

"இன்பம், ஒரு ரோசனை. க்ளட்ச் பழகாத காலு இந்தக் கம்யூன் ஊருங்க அத்தனையிலயும் உனக்குத்தான் இருக்குது. நீ வந்து அந்த வண்டிய எனக்கு ஓட்டேன். சம்பளம் தரேன்."

தன் காரைத் தானே சம்பளத்துக்கு ஓட்ட வேண்டும். இன்பமேரி மற்ற டிரைவர்களின் பக்கம் ஒரு தரம் திரும்பினாள். பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"ஓட்டறேன். ஆனா ஒண்ணு. வர்ற ஞாயித்துக்கிழம கோயில்லேர்ந்து ரயில்வே கேட் வரைக்கும் நீ ஓட்டு. பங்குச் சாமியாரு பக்கத்துல குந்தி உன் காலைப் பாப்பாரு. இடது காலைத் தூக்காம போய்ட்டு வந்துட்டா, எத்தினி வருசம் வேணாலும் நான் உனக்கு டிரைவரு. தூக்கிட்டா வண்டி எனக்கு. அந்த மூணு பெடலை நீ எடுத்துக்க."

"இதெல்லாம் இன்னா வெளையாட்டு?" என்றான் மரியதாஸ்.

"ரெண்டு பெடலு வண்டிண்ணா. பொம்பளயே ஓட்டறா. உன்னால முடியாதா?"

டிரைவர்கள் சிரித்தார்கள். சாராயக்கடையில் அவனோடு சேர்ந்து சிரித்த அதே வாய்கள். மரியதாஸ் ஒப்புக்கொண்டான்.

வீட்டில் சவரிநாதன், "தோத்துட்டா?" என்றார்.

"தோத்தா அந்த வண்டியதான் ஓட்டப் போறேன். என் வண்டிய ஓட்ட எனக்கு வெக்கம் இல்ல. உங்களுக்கு இருந்துது."

ஞாயிற்றுக்கிழமை சவரிநாதன் கையில் தடி ஊன்றி, நொண்டிக்கொண்டே கோயிலுக்கு நடந்தார். மழையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சாமியார் புதுக் கண்ணாடியைக் கழற்றி அங்கியில் பத்திரப்படுத்தினார். பிறகு, கண்ணாடி இல்லாமல் கால் தெரியாது என்று நினைவு வந்து, ஜெபம் சொல்லி மறுபடி மாட்டிக்கொண்டு ஏறினார். மரியதாஸ் இடது காலை இருக்கைக்கு அடியில் மடக்கி வைத்தான். கார் மெதுவாக, அழகாகப் போனது. கேட்டைத் தொட்டுத் திரும்பியது. இன்பமேரியின் முகம் இறுகியது. கோயில் கண்ணுக்குத் தெரிந்தது. அப்போது சந்தில் இருந்து ஒரு ஆடு குறுக்கே பாய, மரியதாஸின் இடது

8

இல்லை. எழுத மாட்டேன்.

சாமிநாதன் இன்பமேரி ஜெயிக்க வேண்டும் என்கிறார், வெடியோடு. ஒரு பத்திரிகை ஆசிரியர், மரியதாஸ் ஜெயித்தால்தான் யதார்த்தம் என்கிறார். என்னிடம் கேட்காதீர்கள். எனக்கு மாட்டு வண்டிகூட ஓட்டத் தெரியாது.

கார் ஓட்டத் தெரிந்த வாசகரே, ஆடு பாய்ந்தது என்று படித்தீர்களே, அந்த நொடியில் உங்கள் இடது கால் எங்கே இருந்தது? உங்களுக்குத் தெரியும். ஓட்டத் தெரியாதவர்கள், இருபது வருஷம் கியர் போட்டதாகப் பெருமை பேசும் யாரையாவது எதிரே உட்கார வைத்து இந்தக் கதையைப் படித்துக் காட்டுங்கள். ஆடு வரும் இடத்தில் அவர் முகத்தைப் பார்க்க வேண்டாம். மேசைக்கு அடியில் பாருங்கள்.