இருமல்காரர் இருந்த இடம்

இ என்ற எழுத்தைத் தட்டினேன். வாயாடி வாயைத் திறக்கவில்லை. மறுபடி தட்டினேன். ஹெட்போனில் வெறும் இரைச்சல்தான் வந்தது. காய்ச்சலில் இரண்டு நாள் படுத்துக் கிடந்துவிட்டு வந்திருக்கிறேன், விரலுக்கு இன்னும் தெம்பு வரவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு கீழ் அம்புக்குறியை அழுத்தினேன். "எழுத்தாக்கப் பணியகம் பதிவு ஒன்று" என்றாள். இன்னொரு முறை அழுத்தினேன். "எழுத்தாக்கப் பணியகம் பதிவு இரண்டு." அது எங்கள் அலுவலகத்தின் பெயர். என் கோப்புறைக்குள் அதற்கு என்ன வேலை? அம்புக்குறியை விடாமல் அழுத்திப் பிடித்தேன். எழுத்தாக்க, எழுத்தாக்க, எழுத்தாக்க என்று கடைசிவரை அதே பல்லவிதான்.

கணினித் திரையில் இருப்பதை எனக்கு வாசித்துச் சொல்லும் மென்பொருளுக்கு நான் வைத்த பெயர்தான் வாயாடி. எனக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. எங்கள் அலுவலகத்தில் விசாரணைகளின் ஒலிப்பதிவுகளைக் கேட்டு எழுதிக் கொடுக்கிறோம். பதிவுகளை வைத்திருக்கும் கோப்புறைக்குள் போய் ஓர் எழுத்தைத் தட்டினால், அந்த எழுத்தில் தொடங்கும் பெயருக்கு வாயாடி ஒரே தாவாகத் தாவிவிடுவாள். அதனால் ஒரே எழுத்தில் இரண்டு பெயர் வராமல் பார்த்துக்கொள்வேன். பெயர்களும் சும்மா வைத்தவை அல்ல. ஒரு பதிவைக் கேட்டதும் எது காதில் ஒட்டிக்கொள்கிறதோ அதுதான் அதன் பெயர். ஒவ்வொரு பதிலுக்கும் முன்னால் இருமுகிற கிடங்குக் காவலாளி, இருமல். வக்கீல் பேசப்பேசக் கொட்டாவி விட்ட கணக்கர், கொட்டாவி. தொண்டையில் தவளையை வைத்திருந்த அம்மாள், தவளை. கோப்புகள் எங்கே இருக்கின்றன என்று நான் தேடியதே இல்லை. அவை என் விரல்நுனியில் இருந்தன.

பக்கத்து மேஜை அக்கா தேநீரைக் கொண்டுவந்து என் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தாள். அவள் வளையல் சத்தத்திலேயே ஒரு குதூகலம் இருந்தது.

"பாத்தியா? எல்லாத்தையும் அடுக்கி வெச்சிருக்கேன். குப்பைக் கூடை மாதிரி கெடந்துச்சு. ரெண்டு நாள் அதே வேலை."

"பேரையெல்லாம் நீங்கதான் மாத்தினீங்களா?"

"பின்ன? இருமல், தவளைன்னு வெச்சிருக்க. யாராவது பாத்தா சிரிப்பாங்க. இப்ப வரிசையா, ஒரே மாதிரி, கண்ணுக்கு எவ்ளோ லட்சணமா இருக்கு தெரியுமா?"

யார் கண்ணுக்கு என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது.

"பழைய பேரு எது எதுன்னு எங்கயாவது குறிச்சு வெச்சீங்களாக்கா?"

"இல்லையே. அது எதுக்கு?"

கெட்ட எண்ணத்தில் செய்திருந்தால் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிடலாம். தேநீரும் கையுமாக நிற்கிறவளை என்ன கேட்பது? ஆனால் எனக்குக் கோபம் வந்தது. உச்சந்தலைவரை வந்தது. மூன்று வருடமாக என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். என் விரல் எப்படி ஓடுகிறது என்று ஒரு நாளாவது கேட்டிருப்பாளா? நான் திட்டினால், பாவம், நல்லது செய்யப்போய்த் திட்டு வாங்கினாள் என்று அலுவலகமே அவள் பக்கம் நிற்கும். என் அம்மாவும் அப்படித்தான் சொல்வாள். "கோவப்படாதடி, நாளைக்கும் அவங்க மூஞ்சியிலதான முழிக்கணும்" என்பாள். நான் என்றைக்கு யார் மூஞ்சியில் முழித்திருக்கிறேன்?

அந்த நேரம் பார்த்து மேலாளரின் செருப்புச் சத்தம் வந்தது. கிடங்குக் காவலாளி முதலில் ஒன்றைச் சொல்லிவிட்டுப் பிறகு அதை மாற்றிச் சொன்ன இடம் வக்கீலுக்கு உடனே வேண்டுமாம். இன்றைக்கு விசாரணை. வக்கீல் அனுப்பிய ஆள் வரவேற்பறையில் காத்திருக்கிறார். அந்த இடம் எங்கே வருகிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும். நீண்ட ஓர் இருமலுக்குப் பிறகு வருகிறது. ஆனால் அந்த இருமல் இப்போது எந்த எண்ணுக்குள் இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

மேலாளருக்கு என்னை இந்த வேலையிலிருந்து தூக்கித் தொலைபேசிக்கு மாற்ற வேண்டும் என்று வெகுநாளாக ஆசை. "உங்களுக்கும் சௌகரியம்" என்று தேன் தடவிச் சொல்லுவார். போன மாதம் தேனைத் துடைத்துவிட்டு, ஒரே ஒரு வேலை தாமதமானாலும் மாற்றிவிடுவேன் என்றார். தொலைபேசியில் உட்கார்ந்து, இணைக்கிறேன் காத்திருங்கள் என்று நாள் முழுவதும் சொல்வதற்கா நான் இந்தக் காதைத் தீட்டி வைத்திருக்கிறேன்? ஒருவன் பொய் சொல்லப்போவது அவன் மூச்சிழுப்பதிலேயே எனக்குத் தெரியும். எனக்குப் பிடித்த வேலை இது. இதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஒவ்வொன்றாகத் திறந்து கேட்பதைத் தவிர வேறு வழியில்லை. என்டர் தட்டினேன். ஒரு பெண்குரல். மூடினேன். கீழே. "எழுத்தாக்கப் பணியகம் பதிவு..." எண்ணைச் சொல்வதற்குள் அடுத்த என்டர். மின்விசிறி இரைச்சல். இவர் இல்லை. மூடினேன். மூன்று நொடி கேட்டால் போதும், ஆள் யாரென்று தெரிந்துவிடும். விரல்கள் வேகம் பிடித்தன.

"அவங்களுக்கு இன்னும் எவ்ளோ நேரம் ஆகும்?" என்றார் மேலாளர். என்னிடம் இல்லை, அக்காவிடம். என் தலைக்கு மேலேயே நின்றுகொண்டு கேட்கிறார்.

"எங்கிட்டயே கேக்கலாம் சார். எனக்குக் காது கேக்கும்."

"இல்லம்மா, ஒண்ணொண்ணா போயிட்டிருக்கீங்க. நான் எடுத்துத் தரேன், நகருங்க."

நகரவில்லை. அவரே என் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி மவுஸைப் பிடித்தார். என் மேஜையில் அதைத் தொடுகிற ஒரே ஆட்கள், எனக்கு உதவி செய்கிறவர்கள்தான். எங்கேயோ கிளிக் செய்தார். "முகப்புத் திரை, குப்பைத் தொட்டி" என்றாள் வாயாடி. நான் நின்றிருந்த இடம் போயிற்று. எந்த எண்வரை கேட்டேன் என்பதும் மறந்துபோயிற்று. மறுபடி கோப்புறையைத் திறந்து முதலிலிருந்து தொடங்கினேன். நாலைந்து கூடத் தாண்டியிருக்க மாட்டேன், அவர் கை சும்மா இருக்கவில்லை. கிளிக். "முகப்புத் திரை."

"சார், கைய எடுங்க."

"உதவிதானம்மா பண்றேன்."

"எது இருமல்னு உங்களுக்குத் தெரியுமா?"

"எது என்னது?"

அக்கா குறுக்கே வந்தாள். "தப்பு எம்மேலதான் சார். நான்தான் பேர மாத்திட்டேன்." அவள் குரல் கம்மியிருந்தது. அழுகிறாளோ என்னவோ. அழட்டும் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்காக எனக்கு இப்போதும் வருத்தமில்லை.

"பேர்ல என்ன இருக்கு? வேலை ஆகணும். ஆகலேன்னா திங்கக்கெழமைலேர்ந்து போன் சீட்டுதான், நான் அப்பவே சொன்னேன்" என்றார் மேலாளர், மவுஸிலிருந்து கையை எடுக்காமல்.

கத்தியிருக்கலாம். அடிவயிற்றிலிருந்து ஒரு கத்தல் தயாராகவே இருந்தது. கத்தினால், பாவம், பார்வை இல்லாத பெண், பதறிவிட்டாள் என்பார்கள். அந்தப் பாவத்தை அவர்களுக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை. கணினிப் பெட்டி என் முழங்காலுக்குப் பக்கத்தில், மேஜைக்கடியில் இருக்கிறது. ஹெட்போன் வயரைச் சரிசெய்கிற மாதிரி குனிந்தேன். அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு வயர் செருகியிருந்தது. பிடித்து இழுத்தேன். சத்தமே இல்லாமல் வந்துவிட்டது. நுனியை மடியில் போட்டுக்கொண்டு நிமிர்ந்தேன்.

கோப்புறையைத் திறந்தேன். முதலிலிருந்து தொடங்கினேன். என்டர். பெண்குரல். கீழே.

என் கைக்குப் பக்கத்தில் டக் என்றது. பிறகு டக், டக். "என்ன இது, நகரவே மாட்டேங்குது" என்றார் மேலாளர். மவுஸை மேஜையில் தட்டினார். மறுபடி டக், டக், டக். "ஏம்மா, இது நேத்து நல்லா இருந்துச்சில்ல?" என்று அக்காவிடம் கேட்டார்.

அக்கா என் இடப்பக்கம் நின்றிருந்தாள். அங்கிருந்து பார்த்தால் என் மடி தெரியும். அவள் வளையல் ஒரு முறை அசைந்து நின்றது. மூச்சை இழுத்தாள், ஏதோ சொல்லப்போகிறவளைப் போல.

"தெரியல சார்" என்றாள். "திரும்பத் திரும்ப அழுத்திப் பாருங்க."

என்டர். நாற்காலி இழுபடும் சத்தம். யாரோ செருமினார். இவர் இல்லை. கீழே. டக், டக், டக்.