மூன்று புள்ளி இரண்டு புள்ளி எட்டு

பிடரியில் பிடித்த வலி வலது தோளுக்கு இறங்கியிருந்தது. நஞ்சுண்டன் கழுத்தைக் கோணலாக வைத்துக்கொண்டே தன் இடத்திலேயே மதியச் சோற்றைத் தின்றான். சாப்பாட்டு மேசைக்குப் போவதை விட்டு இரண்டு மாதமாகிறது. அங்கே எதிர் நாற்காலி காலி.

அமெரிக்காவில், ஜெர்சி சிட்டியில் ஒரு வங்கிக்கு மென்பொருள் எழுதும் ஒப்பந்த வேலை. அவனுடைய மாடியூல், அதாவது மென்பொருளில் அவன் பகுதி, தேதிகளை எடுத்துக் கொடுக்கும், மற்றவர்களுடையவை வாங்கிக்கொள்ளும். ஒவ்வொரு வெளியீட்டுக்கும் புள்ளி வைத்து மூன்று எண்கள். கடைசி எண் ஏறினால் சின்ன ரிப்பேர், கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். முதல் எண் ஏறினால் பழையதோடு ஒத்துப்போகாது, பார்த்து எடு என்று அர்த்தம். திருப்பூர் கூட்ஸ் ஷெட்டில் சுமை தூக்கிய அவன் அப்பன், ஐம்பது கிலோ என்று எழுதி எழுபதை அடைத்து அனுப்புகிறவனை மனுசனாகவே சேர்த்ததில்லை. இடுப்பு போவது எழுதினவனுக்கல்ல.

பிப்ரவரியில் நஞ்சுண்டன் தேதியின் வரிசையை மாற்றினான். மாதம் முன்னால் இருந்தது; நாள் முன்னால் வந்தது. 3.2.7 என்பது 4.0.0 ஆகியிருக்க வேண்டும்.

"நாலுன்னா அப்ரூவல் மீட்டிங், ரெண்டு வாரம் போயிடும்" என்றார் மேனேஜர் மகாதேவன். "கடைசி நம்பரை மட்டும் ஏத்துங்க. யாரு பாக்கப் போறா?"

கடைசி எண்ணை எட்டாக்கினான். வசந்தாமணியின் மாடியூல் அதைத் தானாகவே எடுத்துக்கொண்டது. மார்ச் நாலாம் தேதி பணம் கட்ட வேண்டியவர்களுக்கெல்லாம் ஏப்ரல் மூன்று என்று கடிதம் போனது.

வசந்தாமணி ஈரோட்டுக்காரி, பள்ளிக்கூடம் போகும் ரோஷினிக்கு அம்மா. அந்த மாடியில் அவனைச் சாப்பிட்டாயா என்று கேட்ட ஒரே ஆள். "தனியாத் தின்னா நாய்கூட மெலிஞ்சு போகும், வாடா" என்று தன் டப்பாவை அவன் பக்கம் தள்ளுவாள். கடிதம் போன அன்று அவன் இடத்துக்கே வந்தாள்.

"நஞ்சு, உன்ர பக்கம் ஏதாச்சும் மாத்துனியா?"

அவளுடைய விசாவில் வேலை போனால் அறுபது நாளில் வேறு வேலை, இல்லாவிட்டால் ஊர். அவனுக்கும் அதே விசாதான்.

"சின்ன ரிப்பேர்தானுங்க்கா. நம்பரைப் பாருங்க."

"பாத்தேன், பாத்தேன். அப்ப எம்மேலதான். வயசாச்சாட்ட இருக்குது." சிரித்துக்கொண்டே போனாள். மறுவாரம் அவள் ஒப்பந்தத்தை முறித்தார்கள். அறுபது நாளும் வேலை கிடைக்கவில்லை.

இன்று சோற்றின் நடுவில் ஃபோன் அடித்தது. நுவார்க் ஏர்போர்ட்டிலிருந்து அவள்தான்.

"கெளம்பிட்டோம்டா. ரோஷினிதான் ஸ்கூலை நெனச்சு அழுதுட்டே வாறா. என்ர டப்பா ஏதாச்சும் உங்கிட்டக் கெடக்குதா?"

"கழுவிக் குடுத்துட்டேனுங்க்கா."

"அப்பப் பாக்கி ஒண்ணுமில்ல. நேரத்துக்குத் தின்னு."

"அக்கா..." என்றான். போர்டிங் அறிவிப்புச் சத்தத்தில் அது அவளுக்குக் கேட்கவில்லை. அவள் வைத்துவிட்டாள்.

பாக்கி இருக்கிறது. தப்பு உங்களுடையதல்ல, என்னுடையது என்ற ஒரு சொல். அவன் அவளுக்கு இன்னும் அதைக் கொடுக்கவில்லை.